கயிறு பிடித்தவர்களுக்குச் சுண்டல்

பேரிடர் மேலாண்மைப் பொறுப்பாசிரியர் வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு: பேரிடர் வராதவரை நம்மை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், வந்துவிட்டால், கேட்பதற்கு ஆள் மிஞ்சுமா என்பது சந்தேகம்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்துவது போக, பசுமைப் படை, சாலைப் பாதுகாப்பு, நூலகம் என்று கூடுதல் பொறுப்புகள் கொட்டிக் கிடக்கும். அதில் ஏதாவது ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மரம் நட்டால் அது பிழைத்ததா இல்லையா என்று ஒரு மழையில் தெரிந்துவிடும். நான் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு நிலநடுக்கத்தையும் சுனாமியையும் சொல்லிக்கொடுத்தவள். பாடம் ஏறியதா என்று தெரிய வேண்டுமானால் அது வந்தாக வேண்டும். வரவே கூடாது என்று தினமும் சாமியையும் கும்பிட வேண்டும். என் நிலைமை எப்படி?

பொறுப்பு வந்த விதம்

என் சொந்த ஊர் பொன்னேரிக்கு அந்தப் பக்கம், நெல் விளைகிற பூமி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் வாய்க்காலில் கணுக்கால் நனையும் அளவுதான். அறிவியல் ஆசிரியையாகப் பழவேற்காட்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில், தலைமையாசிரியர் எங்கள் எல்லோரையும் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டினார். மற்றவர்கள் பூநாரை பார்த்தார்கள். நான் படகின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே போய், அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கடலோரப் பள்ளிகளில் பேரிடர் பயிற்சி நடத்த வேண்டும், அதற்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். தலைமையாசிரியர் நேராக என் வகுப்புக்கு வந்தார். எனக்கு நீச்சல் தெரியாது, படகைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, என்னை ஏன் சார் பிடிக்கிறீர்கள் என்று புலம்பினேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இந்த ஊர்லயே தண்ணியப் பார்த்துப் பயப்படற ஒரே ஆளு நீங்கதாம்மா. உங்கள விட்டா வேற யாரு இதைச் சொல்லிக்குடுக்கறது?"

ஆடினால் என்ன

நிலநடுக்கத்தில் தொடங்கினேன். தரை ஆடும்போது ஓடக்கூடாது. மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு எட்டாம் வகுப்பில் ஒத்திகை வைத்தேன். "இப்போ தரை ஆடுது! நிக்கவே முடியாது!" என்று கத்தி, என் மேசையை இரண்டு கையாலும் உலுக்கினேன்.

ஒரு பிள்ளையும் குனியவில்லை. மொத்த வகுப்பும் எழுந்து, காலை அகட்டி வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் நடக்கப் பழகும்போதே படகில் நிற்கவும் பழகியவை. காலடியில் இருப்பது ஆடினால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான்தான் மேசையை உலுக்கி உலுக்கி மூச்சு வாங்கினேன்.

"ஆட்டம் ஒண்ணும் பண்ணாது. மேல இருக்கறது தலையில விழும், அதான் ஆபத்து. படகுக்குக் கூரை இருக்கா?" என்று கேட்டேன். வகுப்பு அண்ணாந்து பார்த்தது. எங்கள் பள்ளிக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டால் அப்புறம் பாடம் நடத்தவே தேவையில்லை. அத்தனை பேரும் மேசைக்கடியில் போய்விட்டார்கள். முதல் வரிசையில் நாகமணி என்று ஒருத்தி; மீன்பிடிக்கிற தேசப்பனின் மகள்; எதையும் சும்மா விடமாட்டாள். குனிந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனாள்:

"ஆட்டத்துக்கு நாங்க பயப்பட மாட்டோம் டீச்சர், ஒங்க கூரைக்குதான் பயப்படறோம்."

கல்லறைத் திடல்

ஆட்டம் நின்றதும் கட்டடத்தை விட்டுத் திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் திறந்தவெளி என்றால் டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே இருக்கும் திடல் ஒன்றுதான். துணி வாங்க வந்து இங்கேயே அடங்கிப்போனவர்களின் கல்லறை. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவலுக்கு நிற்கும். பிள்ளைகளை வரிசையாக அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் தாய்மார் கூட்டம். முன்னால் நின்றவர் நாகமணியின் அம்மா எல்லம்மா. தலையில் மீன்கூடை. நான் விளக்கினேன்: அங்கே சுவர் இல்லை, மின்கம்பம் இல்லை, மேலே விழுவதற்கு எதுவுமே இல்லை. எல்லம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கூடையைக் கீழே இறக்கி வைத்தார். அந்த ஊரில் கூடையை இறக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"உசுரு பொழைக்கறதுக்கு இட்டுனு போற எடமா அது? அங்க போனவன் எவன்னா திரும்பி வந்துகிறானா டீச்சர்?"

உயரமான இடம்

பசியாவரம் ஏரிக்கு நடுவே இருக்கும் தீவு. அங்குள்ள பிள்ளைகளுக்கும் ஒரு நாள் பாடம் எடுக்கச் சொன்னார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு படகில் போய்ச் சேர்ந்தேன். சுனாமி எச்சரிக்கை வந்தால் உயரமான இடத்துக்குப் போக வேண்டும், உங்கள் ஊரில் எது உயரம் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"தண்ணி டாங்கிதான் டீச்சர் ஒசரம். ஆனா அதுல ஏறுனா சுனாமிக்கு முன்னால எங்க நைனா வந்து ஒதைப்பாரு."

அவசரப் பை

ஒவ்வொரு வீட்டிலும் அவசரத்துக்கு ஒரு பை தயாராக இருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். குடிநீர், பிஸ்கட், டார்ச், மருந்து, ரேஷன் அட்டை. வீட்டில் பையைத் தயார் செய்து வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். வந்தவற்றைப் பார்த்து அசந்துபோனேன். ஒருத்தி கூடைக்குள் சேவலோடு வந்தாள். இன்னொருத்தி பையில் அம்மாவின் கல்யாணப் புடவை. நாகமணி தன் நைனா தேசப்பனையே கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் தோளில் ஒரு பெரிய மூட்டை. அவிழ்த்தால் முழுக்க வலை.

இதைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவீர்கள், பிஸ்கட் எங்கே என்று கேட்டேன். தேசப்பன் மூட்டையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"வலை இருந்தா பிஸ்கோத்து வாங்கிக்கலாம் டீச்சர். பிஸ்கோத்த வெச்சிகினு வலை வாங்க முடியுமா?"

விசில்

சுனாமி ஒத்திகைதான் பெரியது. கரையிலிருந்து தள்ளி, சாலையோரத்தில் மாடி வைத்த புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது. விசில் கேட்டதும் பள்ளி மொத்தமும் ஓடி அதன் மொட்டைமாடியில் ஏற வேண்டும். விசில் அடிக்கும் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியர் தனசேகர் சாருக்கு. எளாவூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். நான் முன்கூட்டியே மாடியில் ஒலிபெருக்கியோடு நின்றுகொண்டேன். விசில் கேட்டது. காத்திருந்தேன். ஒரு காக்கா கூட வரவில்லை.

எட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடமே கரையில் நிற்கிறது. விஷயம் இதுதான். கடலுக்குப் போன போட்டு, அதாவது மீன்பிடிப் படகு, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து கரையைத் தொட்டதும் அதிலிருந்து ஒருவர் விசில் அடிப்பார். கேட்டவர்கள் எல்லாம் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துப் போட்டை மணலில் இழுத்து ஏற்றுவார்கள். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு; சின்னக் கை, பெரிய கை என்ற பேதம் கிடையாது. பிள்ளைகள் பழக்கத்தில் கரைக்கு ஓடி, பாவாடையையும் கால்சட்டையையும் தூக்கிச் சொருகிக்கொண்டு, கயிறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தனசேகர் சார் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல மேடம், அருமையா ஓடுனாங்க. சுனாமிய வரவேற்க ஓடுனதுதான் கொஞ்சம் உறுத்துது."

நாகமணியின் கேள்வி

மறுநாள் வகுப்பில் நாகமணி எழுந்தாள். "எங்க நைனா கடல்ல இருக்கும்போது அலை வந்தா, நாங்க மட்டும் மாடி ஏறி குந்திக்கணுமா டீச்சர்?" வகுப்பு மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. எல்லோர் மனதிலும் அதே கேள்விதான் இருந்திருக்கிறது. போட்டு திரும்பத் தாமதமானால் வீட்டுப் பெண்கள் கரையில் போய் நிற்பது அங்கே வழக்கம். ஆள் வந்து சேரும்வரை அடுப்பு எரியாது.

ஆழக்கடலில் அந்த அலை படகை லேசாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், கரையை நெருங்கும்போதுதான் எழும்பி அடிக்கும் என்று விளக்கினேன். கடலில் இருப்பவர் ஆழத்துக்குப் போக வேண்டும், கரையில் இருப்பவர் மேட்டுக்குப் போக வேண்டும். நாகமணி என் பேச்சை நம்பாமல் வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் தேசப்பனும் எல்லம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். முன்பு பெரிய அலை வந்த அன்று தேசப்பன் கடலில்தான் இருந்தாராம். அங்கே ஒன்றுமே தெரியவில்லையாம். கரைக்கு வந்து பார்த்தால் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. "எச்சரிக்கைன்னா நான் கரைக்கு வர மாட்டேன், ஆழத்துக்குப் போயிடறேன்" என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி எல்லம்மா. அவர் எதற்கும் மசியவில்லை. எச்சரிக்கை வந்தால் இந்த அம்மாள் எங்கே நிற்பார் என்று தெரிந்துவிட்டது. அம்மா நிற்கிற இடத்தில்தான் நாகமணியும் நிற்பாள். ஊருக்கே பாடம் நடத்தி, இந்த இரண்டு பேரைக் கரையில் விட்டுவிட்டால் நான் நடத்தியது என்ன பாடம்?

"அந்தாளு மூஞ்சிய பாக்கற வரைக்கும் நான் கரைய வுட்டு நவுர மாட்டேன் டீச்சர், நீ இன்னா சொன்னாலும் சரி."

கயிறு

விசிலை விட்டுவிட்டு மணி அடித்துப் பார்த்தோம். மணி அடித்தால் பள்ளி விட்டாயிற்று என்று அர்த்தம். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். டீ குடித்துக்கொண்டே தனசேகர் சார், "கயித்துக்கு ஓடறத நம்மால நிறுத்த முடியாது மேடம்" என்று சலித்துக்கொண்டார். அப்படியானால் கயிற்றை இடம் மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தேசப்பனிடம் ஒரு பழைய போட்டுக் கயிறு வாங்கினோம். மொட்டைமாடித் தூணில் ஒரு முனையைக் கட்டி, படிக்கட்டு வழியாக இறக்கி, மறுமுனையைக் கீழ்ப்படிக்கு அப்பால் தரையில் போட்டு வைத்தோம். விசில் கேட்டால் ஓடிவந்து இந்தக் கயிற்றைப் பிடித்து, பிடித்தபடியே மேலே ஏற வேண்டும். மேலே வந்தவர்களுக்கு மீனுக்குப் பதில் சுண்டல். மற்றபடி கரையில் என்ன முறையோ அதே முறை: ஒரு வீட்டு ஆட்கள் அடுத்தடுத்துப் பிடிக்க வேண்டும், பிடித்த கயிற்றை வேலை முடியும்வரை விடக்கூடாது.

முதல் விசிலுக்குப் பாதிப் பள்ளி வந்தது. சுண்டல் சங்கதி பரவியதும் முழுப் பள்ளியும் வந்தது. பிறகு தம்பி தங்கைகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். எல்லம்மாகூட ஒருமுறை வந்து, நாகமணிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, சுண்டலில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கரை விஷயத்தில் மட்டும் பேச்சு மாறவில்லை. திணறியவர் சத்துணவு சமைக்கும் சகுந்தலா அக்காதான். ஒரு வெள்ளிக்கிழமை கரண்டியோடு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அடுத்த வாரம் சுனாமி என்னிக்குன்னு இப்பவே சொல்லிடுங்க, கொண்டக்கடலைய ஊற வெக்கணும்."

சுண்டல் இல்லாத நாள்

ஒரு நாள் மத்தியானம், மின்சாரம் இல்லாமல் நின்றிருந்த மின்விசிறி தானாக ஊசலாடியது. என்னவென்று எனக்குப் புரிவதற்குள் பிள்ளைகள் மேசைக்கடியில் இருந்தார்கள். கடைசியாகக் குனிந்தவள் நான்தான். ஆட்டம் நின்றதும் கல்லறைத் திடலுக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வந்தது. கடலுக்கடியில் எங்கோ நிலநடுக்கம். நம் கரைக்கும் சுனாமி எச்சரிக்கை. தனசேகர் சார் விசிலை வாயில் வைத்தார்.

பிள்ளைகள் ஓடினார்கள், சரியான திசையில். குப்பத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசை தள்ளுமுள்ளு இல்லாமல் மேலே ஏறியது. நாகமணி மட்டும் ஏறவில்லை. கீழ்ப்படியில், கயிற்றின் கடைசியைப் பிடித்தபடி நின்றாள். "அம்மா கரைல கீது டீச்சர். அது வந்து கயித்த புடிக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன்" என்றாள். கெஞ்சினேன், அதட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். போட்டு இழுத்துப் பழகிய கை, அசையவில்லை. எனக்கு உயிர் போகிற பயம். கால் தானாகவே படியேறப் பார்த்தது. அவளை விட்டுவிட்டு ஏற மனசு வரவில்லை. தனசேகர் சார் வண்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் பறந்தார்.

கரையில் எல்லம்மா தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாராம். காலையில் கடலுக்குப் போன தேசப்பனின் போட்டு வரட்டும் என்றாராம். சார் வாதாடவில்லை. "ஒம்பொண்ணு ஒனக்காகக் கீழ்ப்படியிலயே நிக்குதும்மா, ஏற மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். வண்டியின் பின்னால் உட்கார்ந்து, மகளையும் புருஷனையும் சார் வண்டி ஓட்டுகிற லட்சணத்தையும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்து இறங்கினார். நாகமணி முதுகில் ஓர் அடி வைத்தார். பிறகு அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். எல்லோரும் ஏறினோம். மாடியில் மகளைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையில் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

"நான் அந்தாளுக்கோசரம் நின்னேன், இது எனக்கோசரம் நிக்குது. எம்புத்தி அப்படியே இதுக்கும் வந்து தொலச்சிகீது டீச்சர்."

மறுபடியும் விசில்

அலை வரவில்லை. மாடியில் பசியோடு காத்திருந்தோம். முன்கூட்டியே யாரும் சொல்லவில்லையே, ஒரு படி கடலை ஊறப்போட்டிருப்பேனே என்று சகுந்தலா அக்கா மட்டும் நொந்துகொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதாகச் செய்தி வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். முதலில் இறங்கியவர் எல்லம்மா. நேராகக் கரைக்குப் போகிற அவசரம்.

அவர் தெருவில் கால் வைத்ததும் கரைப் பக்கமிருந்து விசில் கேட்டது. ஆழத்தில் காத்திருந்த போட்டுகள் திரும்பிவிட்டன. கயிறு பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். கேட்டதுதான் தாமதம், ஊர் மொத்தமும் திரும்பி, எங்கள் கயிற்றைப் பிடித்து, கடகடவென்று மறுபடி மாடியேறிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் எல்லம்மா. நான் "அது வேற விசிலு! வேற விசிலு!" என்று ஒலிபெருக்கியில் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்குத் தேசப்பனின் பச்சைப் போட்டு கண்ணில் பட்டது. மாடியிலிருந்தே கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்.

தேசப்பனும் கூட வந்தவர்களும் போட்டைத் தாங்களே மணலேற்றிவிட்டு, உப்பும் வியர்வையுமாக, தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஊர் அவர்களை மாடியிலிருந்து பார்த்தது. தேசப்பன் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"கரைல கயித்த புடிக்க ஒரு கை இல்ல, பொண்டாட்டி புள்ள மொதக்கொண்டு மாடி ஏறிகினு டாட்டா காட்டுது! இன்னா டீச்சர் சொல்லிக்குடுத்து வெச்சிகிற நீ?"

சக பொறுப்பாசிரியர்களே, இந்த வேலையில் நான் பாராட்டு ஒன்றும் பெரிதாக வாங்கியதில்லை, ஆனால் வாங்கிய திட்டுகளில் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைக்க ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.